தேதி மாறாத கம்ப்யூட்டர்

என் கொழுந்தன் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப் போக அவனைத் திட்டத்தான் போகிறேன். கெட்டவனாக இருந்திருந்தால் எப்படியாவது சமாளித்திருக்கலாம். கெட்டவர்கள் ஒரு காரியத்தில் கை வைப்பதற்கு முன் கொஞ்சமாவது யோசிப்பார்கள். இவன் உதவி செய்வதென்று முடிவு கட்டிவிட்டால் யாரையும் கேட்கமாட்டான். யாருடைய போனாவது மேசையில் தனியாகக் கிடந்தால் போதும், எடுத்து அப்டேட் போட்டு வைத்துவிடுவான். அப்டேட் தம்பி என்று நான் வைத்த பெயர் இப்போது அவன் ஆபீஸ் வரைக்கும் போயிருக்கிறது. அதில் அவனுக்குப் பெருமை வேறு.

எங்கள் வீட்டில் மூன்று அறைகள். ஒன்று மாமியாருக்கு, ஒன்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும், மூன்றாவது என் எம்ப்ராய்டரி அறை. கொழுந்தன் ஹால் சோபாவில் காலை மடக்கிப் படுத்துக்கொள்வான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து என் அறையை எல்லோரும் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. மாமியார் எதையோ தேடுவது போல உள்ளே வருவார், கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று கண்ணாலேயே அளப்பார், தேடியது கிடைத்துவிட்டது போலத் திரும்பிப் போவார்.

நான் அந்த அறையைச் சும்மா பிடித்து வைத்துக்கொண்டிருக்கவில்லை. எம்ப்ராய்டரி மெஷின் ஒன்று, பழைய கம்ப்யூட்டர் ஒன்று, சுவர் நிறைய நூல்கண்டுகள். பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு பேட்ஜ், ஆஸ்பத்திரிக் கோட்டுகளில் பெயர், ஓட்டல்காரர்களின் தொப்பியில் முத்திரை எல்லாம் அங்கேதான் தயாராகும். அது என் சொந்தச் சம்பாத்தியம். அந்த அறை போய்விட்டால் சமையலறைக்கும் துணிக்கொடிக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கும் ஆளாக மட்டும் நான் மிஞ்சுவேன்.

இத்தனை வருஷம் அந்த அறையை எனக்குக் காப்பாற்றிக் கொடுத்தது அந்தக் கம்ப்யூட்டர்தான். ஒரு முறை சுவருக்குப் பெயின்ட் அடிக்க அதைத் தூக்கி ஹாலில் வைத்தார்கள். அவ்வளவுதான், கண்ணே திறக்கவில்லை. மெக்கானிக் வந்து என்னென்னவோ செய்து உயிர் கொடுத்துவிட்டு, "இனிமே இதை அசைக்காதீங்கம்மா. இருக்கற இடத்துல இருக்கற வரைக்கும் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வீட்டில் யார் அறையைப் பற்றிப் பேச்செடுத்தாலும் எனக்கு ஒரே பதில்தான். கம்ப்யூட்டரை நகர்த்தினால் போச்சு.

அதில் இருந்த சாஃப்ட்வேரோ அதைவிடப் பெரிய ஆள். படத்தைத் தையலாக மாற்றித் தருவது அதுதான். வருஷா வருஷம் அதன் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்துத் தர வேண்டிய கம்பெனி ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கடையைக் கட்டிவிட்டது. என்ன செய்ய? அதே மெக்கானிக்தான் வழி சொன்னார். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல் வேலையாகத் தேதியைப் பின்னால் தள்ளிவிட வேண்டும், உரிமம் முடிவதற்கு முந்தைய நாளுக்கு. அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு முடி நரைத்து, கண்ணாடி ஏறி, முழங்கால் வலியும் வந்து சேர்ந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு மட்டும் இன்னும் அதே செவ்வாய்க்கிழமை. எங்கள் தொழிலில் இப்படிப் பிழைப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

கல்யாணப் பேச்சு முற்றியபோது என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் தீர்ப்புச் சொன்னார். அவருக்குத் தீர்ப்புச் சொல்வது பிடிக்கும்.

"இதோ பாரு, வீணா சண்டை வேண்டாம். யூனிஃபார்ம் கடை ஆர்டர் இந்த வருஷமும் உனக்கு வந்துச்சுன்னா ரூம் உனக்கு. வரலைன்னா தம்பிக்கு. நான் சொன்னா சொன்னதுதான்."

ஊரில் ஒரே நேரத்தில் பத்துத் துணியில் தைக்கும், பத்துத் தலை வைத்த மெஷினோடு புதுக்கடை ஒன்று திறந்திருந்தது அவருக்குத் தெரியும். ஆர்டர் எனக்கு வராது என்ற தைரியத்தில் சொன்ன தீர்ப்பு அது. ஆனால் வந்தது. யூனிஃபார்ம் கடைக்காரர் தானே போன் செய்தார். "புதுக்கடைக்காரன் பேட்ஜுல போட்ட சிங்கம் பூனை மாதிரி இருக்கும்மா. பள்ளிக்கூடத்துல ஒத்துக்க மாட்டேங்கறாங்க. உங்க சிங்கம்தான் வேணுமாம். பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள கைக்கு வந்துடணும்" என்றார்.

உண்மையைச் சொன்னால் என் சிங்கமும் அப்படி ஒன்றும் சிங்கம் இல்லை. முதல் முறை போட்டபோது நாய் மாதிரிதான் வந்தது. பிடரிமயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வாலைத் தூக்கி, ஒரு மாதிரி ஒப்பேற்றினேன். பார்த்துப் பார்த்துப் பள்ளிக்கூடத்துக்கே அது சிங்கமாகப் பழகிவிட்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மஞ்சள் நூல் வாங்கக் கடைத்தெருவுக்கு ஓடினேன். திரும்பி வந்தால் என் அறை வாசலில் அப்டேட் தம்பி வாயெல்லாம் பல்லாக நிற்கிறான்.

"அண்ணி, கண்ணை மூடிட்டு உள்ள வாங்க."

"எதுக்குடா?"

"வாங்களேன்."

கண்ணைத் திறந்தால் கம்ப்யூட்டர் திரை பளபளவென்று மின்னுகிறது. மலை, ஏரி, அதில் ஒரு படகு. கையிலிருந்த நூல் பையை அப்படியே தரையில் வைத்தேன்.

"ரொம்பப் பழசு அண்ணி. வைரஸ் வந்தா என்ன பண்ணுவீங்க? கல்யாணத்துக்கு முன்னாடி உங்களுக்கு ஏதாவது செய்யணும்னு தோணிட்டே இருந்துச்சு. புது சிஸ்டம் போட்டுட்டேன். இந்தப் பெட்டியில இது ஏறும்னே யாரும் நம்ப மாட்டாங்க, ஏத்திட்டேன். கம்ப்யூட்டரை ஒரு இஞ்ச் கூட நகர்த்தல, பயப்படாதீங்க." அப்புறம் திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினான். "தேதி கூடத் தப்பா இருந்துச்சு அண்ணி, பல வருஷம் பின்னாடி. எப்படித்தான் கவனிக்காம விட்டீங்களோ! அதையும் சரி பண்ணிட்டேன். இனிமே அதுவே இன்டர்நெட்டைப் பார்த்து சரி பண்ணிக்கும், நீங்க தொடவே வேண்டாம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்து சாஃப்ட்வேரைத் திறந்தேன். இந்த சிஸ்டத்தில் நான் இயங்கமாட்டேன் என்றது. அவன் குனிந்து எதையோ தட்டினான். திறந்தது. திறந்து, உங்கள் உரிமக் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு கட்டத்தைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. தேதியைப் பின்னால் தள்ளினேன். என் கண் முன்னாலேயே அது சாவகாசமாக முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

எனக்கு வந்ததே ஆத்திரம்.

"திட்டம் போட்டுத்தானே பண்ணியிருக்க? ஆர்டர் வந்துடுச்சுன்னு தெரிஞ்சதும் பண்ணியிருக்க. ரூம் வேணும்னா வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்ல? இப்படி என் அடிமடியிலயே கை வைப்பியா?"

அவன் முகம் செத்துப்போனது. "சத்தியமா இல்ல அண்ணி. ஆர்டர் வந்ததே எனக்குத் தெரியாது. எனக்கு எதுக்கு அண்ணி ரூம்? நான் சோபாவுலயே..."

"கல்யாணம் பண்ணிட்டு சோபாவுலயா படுப்ப?"

ஹாலிலிருந்து மாமியார் குரல் வந்தது. "நல்லதுதானே பண்ணான்? அதுக்கு எதுக்கு இந்தக் கத்து கத்துற?"

நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சிங்கம் அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது.

மறுநாள் அவன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு என் அறைக்கு வந்தான். சாப்பிடவில்லை போலிருந்தது. "பழசு எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டுத்தான் அண்ணி புதுசு போட்டேன். எப்படியாவது கொண்டுவந்துடறேன்" என்றான். நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.

"அப்போ பழைய சிஸ்டத்தையே திரும்பப் போட்டுடு" என்றேன்.

"போட்டுப் பார்த்தேன் அண்ணி, விடியக்காலையிலயே. ஏற மாட்டேங்குது. பாதியில நின்னுடுது." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "இன்னொரு வழி இருக்கு. தேதி தானா மாறறதை நிறுத்திட்டு, சாஃப்ட்வேர் கிட்ட பொய் சொல்லணும். நீ இன்னும் பழைய சிஸ்டத்துலதான் இருக்கன்னு. அதுக்குன்னே ஒரு பட்டன் இருக்கு."

"அது நம்புமா?"

"சில சமயம் நம்பும்."

எங்கள் வீட்டில் மாமியாரிடம் விலைவாசியை இப்படித்தான் சொல்வோம். பத்து வருஷத்துக்கு முந்தைய விலையைச் சொன்னால் நிம்மதியாகத் தூங்குவார். மாமியார் நம்பிவிடுவார். சாஃப்ட்வேர் நம்பவில்லை. திறந்து, சிங்கத்தைத் தலையில்லாமல் காட்டி, உறைந்துபோய் நின்றது. புதுக் கம்பெனி ஒன்றின் சாஃப்ட்வேரை இறக்கி அதில் சிங்கத்தைத் திறந்து பார்த்தான். பிடரிமயிர் எல்லாம் உள்பக்கமாகத் திரும்பி, முழுப் பூசணிக்காய் ஒன்று வால் முளைத்து நின்றது. எனக்கு இருந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். அப்போதுதான் அவனுக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்தேன்.

காபியைக் குடித்ததும் அவனுக்குப் புது யோசனை வந்தது. "கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் வைக்கலாம் அண்ணி. நிஜமா இல்ல, பொய்யா ஒண்ணு. அதுக்குள்ள பழைய சிஸ்டம், பழைய சாஃப்ட்வேர் எல்லாம் அப்படியே இருக்கும். வெளிய என்ன நடக்குதுன்னே அதுக்குத் தெரியாது. தேதியை நம்ம நிறுத்தி வச்சா நிக்கும்."

"செவ்வாய்க்கிழமையில நிறுத்து" என்றேன்.

என் பழைய பெட்டிக்கு அந்தச் சுமை தாங்கவில்லை. தன்னையே இழுக்க முடியாமல் இருக்கிறது, வயிற்றில் இன்னொன்றை எப்படிச் சுமக்கும்? அவன் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, தன் சொந்த லேப்டாப்பை எடுத்து வந்தான். அதில் ஏற்றினான். புத்தம் புதுத் திரைக்கு நடுவில் ஒரு சின்னக் கட்டம் திறந்தது. அதற்குள் என் பழைய சாம்பல் நிறத் திரை. அதற்குள் செவ்வாய்க்கிழமை. அதற்குள் என் சிங்கம், வாலைத் தூக்கிக்கொண்டு.

பென்டிரைவில் ஏற்றி மெஷினில் போட்டோம். ஊசி இறங்கிற்று. பிடரிமயிர் ஒவ்வொரு இழையாக மஞ்சளில் வந்தது. நான் அவன் தலையில் கை வைத்து, "நல்லா இருடா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். "லேப்டாப்பை நீங்களே வச்சுக்கோங்க அண்ணி. எனக்கு ஆபீஸ்ல ஒண்ணு இருக்கு" என்றான். இவனைப் போய் அப்படிப் பேசிவிட்டோமே என்று எனக்குக் குற்றவுணர்ச்சி பொங்கிக்கொண்டு வந்தது. அது பொங்கி அடங்குவதற்குள் அவன் அடுத்த உதவியை ஆரம்பித்துவிட்டான்.

லேப்டாப்பை அப்படியே திறந்தபடி கையில் ஏந்திக்கொண்டு ஹாலுக்குப் போனான். "அண்ணா, இங்க பாருங்க. அம்மா, நீங்களும் வாங்க. சிங்கம் ஓடுது!" சாப்பாட்டு மேசையில் வைத்தான், ஓடிற்று. சமையல் மேடையில் வைத்தான், ஓடிற்று. பால்கனிக்கு எடுத்துப் போனான், அங்கேயும் ஓடிற்று. "கரன்ட் போனாக் கூட கவலையில்ல அண்ணி. எங்க வேணும்னாலும் வச்சுக்கலாம்!"

மாமியார் திரையைப் பார்க்கவில்லை. என் அறையைப் பார்த்தார்.

"அப்போ அந்த ரூம் எதுக்கு?"

அப்டேட் தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. லேப்டாப்பை மெதுவாக மூடினான். "நான் அப்படி யோசிக்கலையே அண்ணி..." என்றான். அவன் எப்போது யோசித்தான்?

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "ஆர்டர் வந்தா ரூம் எனக்குன்னு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன். இல்லைன்னு சொல்லல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்போ கம்ப்யூட்டரை நகர்த்த முடியாதுன்னு இருந்துச்சு. இப்போ நிலைமை மாறிடுச்சில்ல? எங்க வேணும்னாலும் வச்சுக்கலாம்னு ஆகிடுச்சு. மாடிப்படிக்குக் கீழ மெஷினைப் போட்டுக்கோயேன்."

"அங்க ஈரம்ங்க. ஊசி துருப்பிடிக்கும்."

"ஒரு பிளாஸ்டிக் ஷீட் போட்டுக்கலாம்மா" என்றார் மாமியார், மிகவும் பரிவாக.

அன்றைக்கே டேப் வைத்து அளந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே காலி சிலிண்டரும் உடைந்த பக்கெட்டும் கிடந்த இடம் அது. நின்றால் தலை இடிக்கும். உட்கார்ந்தே வேலை செய்கிறவளுக்குத் தலை எதற்கு இடிக்கப் போகிறது என்று என் வீட்டுக்காரர் விளக்கம் சொன்னார். எல்லோரும் என்மீது அவ்வளவு அக்கறையாக இருந்தார்கள். சரி என்று மட்டும் சொன்னேன்.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். எங்க வேணும்னாலும் வச்சுக்கலாம் என்று அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டார்கள். எங்க வேணும்னாலும் என்றால் அது ஏன் இந்த வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்? இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றாது. அந்தப் பெட்டியை நகர்த்தினால் போச்சு என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி நானே அதன் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் யூனிஃபார்ம் கடைக்காரரைப் பார்த்து, வாடகைக்கு இடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கடைக்கு எதிரே, வாட்ச் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு அறை காலியாக இருந்தது. சின்ன அறைதான். ஆனால் காய்ந்த தரை, தெருவைப் பார்த்த ஜன்னல். மதியத்துக்குள் பேசி முடித்துவிட்டேன். மறுநாள் லோடு வண்டி வந்து வீட்டு வாசலில் நின்றது.

மெஷினைத் தூக்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? அப்டேட் தம்பிதான். ஒருவர் பாரம் தூக்கும்போது அவனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. ஒரு முனையை அவனே பிடித்தான், கம்பளி சுற்றினான், கயிறு கட்டினான். மாடிப்படிக்குக் கீழே போக வேண்டிய மெஷின் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்து மாமியார் எழுந்து வந்தார்.

"எங்கம்மா எடுத்துட்டுப் போற?"

"கடைத்தெருவுக்கு அத்தை. ரூம் எடுத்திருக்கேன்."

"அப்போ மத்தியானம் எனக்கு மாத்திரை யாரு எடுத்துக் கொடுப்பா? சிலிண்டர்காரன் வந்தா யாரு கதவைத் திறப்பா?"

என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"எங்க வேணும்னாலும் வச்சுக்கோன்னு நீங்க சொன்ன பிறகு எதுக்குங்க திரும்பக் கேட்டு உங்களைத் தொந்தரவு பண்ணணும்?"

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். பழைய கம்ப்யூட்டரை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குத்தான் இன்றைய தேதி தெரிந்துவிட்டதே, அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புது அறையில் அப்டேட் தம்பி கரன்ட் இணைப்பை இழுத்துக் கொடுத்து, மெஷினை மட்டம் பார்த்து நிறுத்திவிட்டு, "வேற ஏதாவது அப்டேட்..." என்று ஆரம்பித்தான். "லேப்டாப் மேல கை வச்ச, கல்யாணத்துக்கு வரமாட்டேன்" என்றேன். சிரித்துக்கொண்டே போனான்.

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். சிங்கத்தைப் போட்டேன். முடிந்தது. அடுத்ததை ஃபிரேமில் மாட்டினேன், அதுவும் முடிந்தது. வெளியே பார்த்தால் வெயில் இன்னும் சாயவே இல்லை, பக்கத்தில் பேட்ஜுகள் குவிந்து கிடக்கின்றன. வீட்டில் இவ்வளவு போட இரண்டு மூன்று நாள் ஆகும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. லேப்டாப் வேகம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு தடவை டிசைனை ஏற்றிய பிறகு லேப்டாப்புக்கு என்ன வேலை? தைப்பது அதே மெஷின்தானே? அப்புறம்தான் புரிந்தது. இங்கே வந்து உட்கார்ந்ததிலிருந்து யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஏம்மா, கொஞ்சம் இங்க வா. ஏம்மா, யாரோ வந்திருக்காங்க. ஏம்மா, என் கண்ணாடி எங்க. இத்தனை வருஷமாக என் மெஷின் மெதுவென்று நினைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பேட்ஜுகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பள்ளிக்கூடம் திறந்தது. அந்த வாரத்திலேயே ஒரு நாள் என் வீட்டுக்காரர் மாடியேறி வந்தார். சட்டையில் இரண்டு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். வாசலில் நின்று அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அம்மா ஒரே புலம்பல். மாத்திரையை மாத்திச் சாப்பிட்டுட்டாங்க. சிலிண்டர்காரன் வந்து ரெண்டு தடவை திரும்பிப் போயிட்டான்." கொஞ்சம் இறங்கிய குரலில் தொடர்ந்தார். "தம்பி கல்யாணத்துக்கு அப்புறம் தனி வீடு பார்த்துக்கறேன்னு சொல்லிட்டான். நானும் யோசிச்சேன். ஆர்டர் வந்தா ரூம் உனக்குன்னு சொல்லியிருந்தேன்ல? நான் சொன்னா சொன்னதுதான். ரூமை நீயே வச்சுக்கோ. வந்துடு."

ஒரு மாதம் முன்னால் இதைச் சொல்லியிருந்தால் நான் அவர் காலில் விழுந்திருப்பேன். இப்போது கேட்க என்னவோ போலிருந்தது. அவர் மேல் கோபம்கூட வரவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம்.

"வீட்டுக்குச் சாயங்காலம் வழக்கம் போல வந்துடுவேங்க" என்றேன். "மெஷின் இங்கேயே இருக்கட்டும். இங்க நல்லா ஓடுது."

"கொஞ்சம் உட்கார்ந்து பேசலாமே" என்று அவர் உட்கார இடம் தேடினார். ஒரு பக்கம் மெஷின், ஒரு பக்கம் துணி மூட்டை, சுவரோரம் நூல்கண்டுகள். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.